ரோஸ்டி இல்லீங்க, ரோஷ்டி: சுவிஸ்ல ஆறு நாள்

முதல் நாள், வியாழன், சூரிச்

வந்த வேலை மத்தியானமே முடிஞ்சிருச்சு. திருப்பூர்ல இருந்து ஒரு பெட்டி நிறைய சாம்பிள் தூக்கிட்டு வந்தேன், எல்லாம் குழந்தைங்க நைட் டிரெஸ்தான், பையர் ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் தொட்டுப் பாத்து, இழுத்துப் பாத்து, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, கடைசில ரெண்டு ஷேடு மட்டும் மாத்தச் சொல்லி அனுப்பி வெச்சுட்டாங்க. ரிட்டர்ன் டிக்கெட் அடுத்த புதன்தான். டிக்கெட் போடும்போதே வேணும்னேதான் அப்படிப் போட்டேன், இவ்வளவு தூரம் வந்துட்டு ஏர்போர்ட்டையும் மீட்டிங் ரூமையும் மட்டும் பாத்துட்டுப் போனா வீட்டுல பேச்சு வாங்கணும்.

பசி. லிம்மாத் ஆத்தோரம் பழைய டவுன் சந்துக்குள்ள நடந்து நடந்து ஒரு கடைக்குள்ள போய் உக்காந்தேன். நான் கோழி, ஆடு, முட்டை சாப்புடுவேன், மாடும் பன்னியும் வேண்டாம். மெனுவுல எனக்குத் தெரிஞ்ச ஒரே பேரு ரோஸ்டிதான், உருளைக்கெழங்கைத் துருவி அடை மாதிரி முறுகலா வறுக்கற சுவிஸ் பண்டம். "ஒன் ரோஸ்டி ப்ளீஸ்"னேன். சர்வர் குனிஞ்சு காதைக் கிட்ட கொண்டு வந்தாரு. ரோஸ்டின்னேன் திரும்ப. மெனுவுல விரலை வெச்சுக் காட்டினேன். "ஆஆ, ரோஷ்டி!"ன்னு முகமெல்லாம் மலர்ந்துருச்சு. சரி ஏதோ ரெண்டும் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன். நோ போர்க், நோ போர்க்னு ரெண்டு தடவை சொன்னேன், அவரும் ரெண்டு தடவை தலையாட்டினாரு.

வந்த தட்டுல பல்லு பல்லா தேங்காச்சில்லு மாதிரி ஏதோ ரோஸ் கலர்ல. ஷ்பெக். பன்னிக் கறியைக் கொழுப்போட உப்புப் போட்டுப் பதப்படுத்தினது. இங்க அதை ஏதோ கறிவேப்பிலை மாதிரி நெனைக்கிறாங்க போல, அதெல்லாம் கறிக் கணக்குலயே வராது. திருப்பி அனுப்பிட்டு இன்னொரு இருபது நிமிஷம் காத்திருந்தேன், பக்கத்து டேபிள்காரங்க எல்லாம் என்னையவே பாக்கறாங்க. இதுக்காகவே கூகிள்ல ஒரு வார்த்தை படிச்சு வெச்சுக்கிட்டேன், "ஓனெ ஷ்பெக்", ஷ்பெக் இல்லாம. வர்றவங்க எழுதி வெச்சுக்குங்க.

ரெண்டாவது தட்டு சரியா வந்துச்சு. தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம், நல்லா முறுகின அடை கலர், மேல ஒரு ஆஃப்பாயில். முள்கரண்டியில குத்தினா மேல கருக் மொறுக்னு உடையுது, உள்ள மெத்துனு கெழங்கு, நூல் நூலா. மாவு கெடையாது, முட்டை உள்ள கெடையாது, வெங்காயம் கெடையாது, மசாலா சத்தியமா கெடையாது. கெழங்கு, உப்பு, நெய் மாதிரி ஒரு வாசம். அவ்ளோதான். ஆனா தட்டைக் காலி பண்ணிட்டுத்தான் நிமிந்தேன்.

பில்லு 26 ஃபிராங்க். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல, கணக்கு நீங்களே போட்டுக்குங்க. ராத்திரி போன்ல வீட்டம்மாகிட்ட சொன்னேன். "ஏனுங்க, உருளைக்கெழங்கு வறுவலுக்கா அத்தனை காசு குடுத்தீங்க?" வறுவல் இல்ல அம்மணி, அடை மாதிரின்னேன். "அடைக்கா?"ன்னா. போனை வெச்சுட்டேன்.

ரெண்டாம் நாள், வெள்ளி, பெர்ன்

சூரிச்ல இருந்து பெர்னுக்கு ரயில் 56 நிமிஷம். ஸ்டேஷன் கடையில நியூஸ்பேப்பர் முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல "ரோஸ்டி"ன்னு போட்டிருக்கு. அடேங்கப்பா, கெழங்கு வெலை ஏறிருச்சா, இல்ல கெழங்குல ஏதாச்சும் நோய் வந்துருச்சான்னு போட்டோ எடுத்து மொழிபெயர்த்துப் பாத்தா அது ஒரு மந்திரி! ஆல்பெர்ட் ரோஸ்டின்னு பேரு, காண்டர்ஷ்டெக்னு மலை ஊர்க்காரர், 2022 டிசம்பர்ல மத்திய அமைச்சரவைக்குத் தேர்ந்தெடுத்திருக்காங்க, 2023 ஜனவரில இருந்து சுற்றுச்சூழல், போக்குவரத்து, எரிசக்தி, தகவல் தொடர்பு எல்லாம் அவர் கையிலதான். இதுல வேடிக்கை, மனுஷன் படிச்சது விவசாய இன்ஜினியரிங். நம்ம ஊருல மந்திரி பேரு தோசைன்னு இருந்தா மீம் போட்டே கொன்னுருப்போம், இங்க அது சாதா குடும்பப் பேரு, யாரும் சிரிக்கிறதா தெரியல.

பெர்ன்ல வணக்கம் சொல்றதே வேற. சூரிச்ல "க்ரூயெட்ஸி", இங்க "க்ரூயெஸெக்". நன்றி சொல்ல ஜெர்மன் பேசறவங்களும் "மெர்ஸி"ங்கறாங்க. மணிக்கூண்டு பாத்தேன், கரடி பாத்தேன், ஆரெ ஆறு ஊரைச் சுத்தி வளைஞ்சு போறதைப் பாலத்துல நின்னு பாத்தேன், தண்ணி பச்சைன்னா அப்படி ஒரு பச்சை, எங்க சாயப்பட்டறைக்காரங்க பாத்தா ஷேடு நம்பர் கேப்பாங்க.

வெள்ளிக்கிழமையாச்சேன்னு சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். ஐரோப்பா சதுக்கம்னு ஒரு இடம், அங்க 2014ல தெறந்த ஒரு பெரிய கட்டடம், பேரே சமயங்களின் வீடு. ஒரே கூரைக்குள்ள சைவக் கோயில், மசூதி, சர்ச்சு, புத்தர் கோயில், துருக்கிப் பக்கத்து அலெவி சமயக்காரங்க கூடம். கண்ணாடிக் கதவைத் தெறந்து உள்ள போனா கற்பூர வாசம், தவில் சத்தம், கண்ணு கலங்கிருச்சுன்னா நம்புவீங்களா தெரியல.

பூஜை முடிஞ்சு சுண்டல் வாங்கி ஓரமா நிக்கும்போது ஒரு பெரியவர் வந்து பேசினாரு. யாழ்ப்பாணம். 1989ல வந்தவராம், பெர்ன்ல ரெஸ்டாரண்ட் கிச்சன்லயே முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டியிருக்காரு. நான் பாட்டுக்கு சூரிச் கதையைச் சொல்லி, ரோஸ்டி ரோஸ்டின்னு அளந்துக்கிட்டு இருந்தேன். பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, அது ரோஸ்டி இல்ல"ன்னாரு.

அவர் சொல்லிக்குடுத்த விதத்தை அப்படியே போடறேன். "வாயை ஓ எண்டு குவியுங்கோ. குவிச்ச உதட்டை அசையாமல் வச்சுக்கொண்டு உள்ளுக்க ஏ எண்டு சொல்லுங்கோ. ஆ, அதுதான். பிறகு ஸ் இல்ல, ஷ். இவையள் எழுதுறது ஸ், வாயில வாறது ஷ்." நான் பத்துத் தரம் சொன்னேன், ஏழாவது தரம் பக்கத்துல நின்ன குட்டிப் பொண்ணு சிரிச்சுட்டு ஓடிருச்சு. அது அங்கேயே பொறந்த புள்ள. தமிழ் எழுத்துல அந்தச் சத்தத்தை எழுத வழியில்ல, அதனால இனிமே ரோஷ்டின்னே எழுதறேன், படிக்கறப்ப உதட்டைக் குவிச்சுக்குங்க.

பேருக்கு அர்த்தம் கேட்டேன். பெருசா ஒண்ணுமில்ல, வறுக்கறதுக்கு ஜெர்மன்ல ரோஸ்டென், அதுல இருந்து வந்தது, முறுகலா வறுத்தது, அவ்ளோதான். நம்ம ஊருல வறுவல்ங்கற மாதிரி. இந்தப் பேரு பெர்ன் பக்கத்துப் பேராம். சூரிச் பக்கம் பழைய ஆளுங்க "ப்ரேகிலெத்தி ஹேர்டப்ஃபெல்"னு வேற ஏதோ சொல்லியிருக்காங்க, அதுவும் வறுத்த கெழங்குதான். பெர்ன்காரன் பேரு மத்த ஊருப் பேரையெல்லாம் முழுங்கிருச்சு. அந்த ஹேர்டப்ஃபெல் இருக்கே, அதுதான் இங்க உருளைக்கெழங்கு. மண் ஆப்பிள்னு அர்த்தம். பெர்ன்காரங்க அதையும் முழுசா சொல்ல மாட்டாங்க, கடைசி ல்-ஐ உ-வாக்கி "ஹேர்டப்ஃபு".

"நாங்கள் வரேக்க பாஷையும் தெரியாது, பனியும் தெரியாது. கோப்பை கழுவத்தான் விட்டவை. ரெண்டு வருஷம் கோப்பை. ஒரு நாள் குசினியில ஆள் வரேல்ல, சட்டியை என்ர கையில தந்தினம். தோசை பிரட்டின கை தானே தம்பி. முதல் நாளே ஒண்டும் உடையேல்ல." அவங்க அப்பா ஊருல தோட்டக்காரராம், இலங்கைப் பிரதமரா சிறிமா அம்மா இருந்த காலத்துல வெளிநாட்டுக் கெழங்கு வர்றதை நிறுத்தினப்ப யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுல வெங்காயமும் மொளகாயும் உருளைக்கெழங்கும் போட்டு நல்லா இருந்திருக்காங்க. "கிழங்கைத் தொட்டாலே எனக்கு விளங்கும்"னாரு. போன் நம்பர் குடுத்தாரு. நான் செஞ்சு பாக்கப் போறேன்னேன். "நேற்று அவிச்ச கிழங்கா பாத்து எடுங்கோ"ன்னு மட்டும் சொல்லிட்டு பஸ் புடிக்கப் போயிட்டாரு.

மூணாம் நாள், சனி, எம்மென்டால்

மழை. பெர்ன்ல இருந்து லாங்னாவ் வரைக்கும் உள்ளூர் ரயில், அப்புறம் மஞ்சள் பஸ். எம்மென்டால்னா அந்த ஓட்டைப் போட்ட சீஸ் ஊரு. ஓட்டையைவிட எனக்குப் புடிச்சது வீடுங்க. மரவீடு, கூரை அப்படியே ரெண்டு பக்கமும் தரையைத் தொடற மாதிரி எறங்குது, கோழி குஞ்சுகளை அணைச்சுக்கற மாதிரி. வீடு, மாட்டுக் கொட்டாய், வைக்கோல் எல்லாமே அந்த ஒரே கூரைக்குக் கீழ.

ஒரு விவசாயி வீட்டுல ஒரு ரூம் எடுத்திருக்கேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அந்தம்மா பெரிய பானையில தோலோட கெழங்கு அவிச்சாங்க. "க்ஷ்வெல்ட்டி"ன்னு பேரு. மேசையில பானையை அப்படியே வெச்சு, ஆளுக்கு ரெண்டு கெழங்கு, சீஸ், வெண்ணெய், அவ்ளோதான் ராத்திரிச் சாப்பாடு. ஆனா பானையில பாதிக்கு மேல மிச்சம். இவ்வளவு எதுக்குன்னு கேட்டேன். காலைலக்குன்னாங்க. தோலை உரிக்காம, துணி போட்டு மூடி, கதவுக்கு வெளிய குளுந்த ரூம்ல கொண்டு போய் வெச்சுட்டு வந்தாங்க.

மழை விடல. தூங்கப் போறேன்.

நாலாம் நாள், ஞாயிறு, எம்மென்டால், திரும்ப பெர்ன்

காலைல ஆறரைக்கே எந்திரிச்சு அடுப்படியில போய் நின்னுட்டேன். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம், எனக்கு ஜெர்மன் சுத்தமா இல்ல, கையும் கண்ணும் பேசிச்சு.

ராத்திரிக் கெழங்கைத் தோல் உரிச்சாங்க. விடியக்காலைல சில்லுனு இருக்கு, கையில புடிச்சா சோப்புக் கட்டி மாதிரி கெட்டியா, ஒட்டவே இல்ல. அப்புறம் ஒரு துருவல் எடுத்தாங்க. நம்ம கேரட் துருவல் மாதிரி இல்ல, ஓட்டை ஒவ்வொண்ணும் பெருசு, சுண்டுவிரல் நுனி போகும். ரோஷ்டி ராஃபெல்னு இதுக்குன்னே தனியா விக்குது. ஒரே திசையில நீளமா இழுக்கறாங்க, மேலயும் கீழயும் தேய்க்கல. நீள நீளமா, உதிரியா, சேமியா விழற மாதிரி விழுது. நான் வாங்கி ஒரு கெழங்கு துருவினேன், பாதி கூழாயிருச்சு. அழுத்தறேனாம்.

எனக்கு இதுல ஒரு சந்தேகம் இருந்துச்சு, ஏன் நேத்து அவிச்சது? இன்னிக்கு அவிச்சா என்ன? யோசிச்சா நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான். சூடான இட்லியை உதிர்த்து உப்புமா பண்ணுங்க பாக்கலாம், களியாத்தான் வரும், நேத்து இட்லின்னா பூவா உதிரும். சுடுசோத்துல ஃப்ரைட் ரைஸ் பண்ணினாலும் அதே கதை. வேகும்போது மாவுச்சத்து தண்ணியைக் குடிச்சு ஊதி கொழகொழன்னு ஆயிடுது, ராத்திரி பூரா ஆறினா அது திரும்ப இறுகி கெட்டியாயிடுது. அதான் துருவினாலும் கூழாகறதில்ல, சட்டியில ஒவ்வொரு இழையும் தனியா முறுகுது. பச்சைக் கெழங்கைத் துருவிப் பண்றவங்களும் இருக்காங்க, அது வேற பதம், வேற மொறுமொறுப்பு, இதுல எது ஒசத்தின்னு சுவிஸ்காரங்க பேச ஆரம்பிச்சா சாம்பார்ல வெல்லம் போடலாமாங்கற கதைதான். அந்தம்மாகிட்ட பச்சைக் கெழங்கான்னு கேட்டதுக்கு மூக்கைச் சுருக்கினாங்க, அதுலயே பதில் தெரிஞ்சுது.

இரும்புச் சட்டி, கறுகறுன்னு, எங்க பாட்டி தோசைக்கல்லு மாதிரி. அதுல மஞ்சளா ஒரு கரண்டி போட்டாங்க. வாசம் வந்ததும் நான் நெய்னு கத்திட்டேன். நெய்யேதான்! இங்க வெண்ணெய்க்கு "ஆங்கெ"ன்னு பேரு, அதைக் காய்ச்சி வடிச்சு வெச்சுக்கிறாங்க, சும்மா வெண்ணெய் போட்டா கருகிடும். சூரிச்ல முதல் நாள் வந்த வாசம் இதுதான்.

துருவினதைப் போட்டு உப்புத் தூவி, மரக்கரண்டியால கொஞ்ச நேரம் பிரட்டிப் பிரட்டி விட்டாங்க, எல்லா இழையிலயும் நெய் படற வரைக்கும். அப்புறம் ஓரத்துல இருந்து நடுவுக்கு ஒதுக்கி ஒதுக்கி ஒரு வட்டமா கட்டினாங்க. லேசா ஒரு தட்டு. மேல ரெண்டு ஸ்பூன் பால் தெளிச்சு, தட்டு போட்டு மூடி, தீயைக் கொறைச்சுட்டு, அவங்க பாட்டுக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க! எனக்குப் பதறுது. சட்டியில முதல்ல தண்ணி சுண்டற சத்தம், ஸ்ஸ்ஸ்னு. பத்து நிமிஷத்துல அந்தச் சத்தம் மாறி சின்னச் சின்னதா டிக் டிக்னு வருது. அப்பதான் அந்தம்மா உள்ள வர்றாங்க, கையைத் தொடச்சுக்கிட்டே. சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் வந்தாங்களோ என்னமோ. சட்டியை ஆட்டினாங்க, வட்டம் அப்படியே வழுக்குது. தட்டை மேல கவுத்து, சட்டியோட சேத்து ஒரே திருப்பு. தங்கக் கலர்ல மேல்பக்கம். திரும்பச் சட்டிக்குள்ள வழுக்கி விட்டு இன்னொரு பக்கம் பத்து நிமிஷம்.

மேசையில நடுவுல வெச்சாங்க. தட்டே வெக்கல. ஆளுக்கு ஒரு ஸ்பூன், பெரிய கோப்பையில பால் காப்பி. முன்னாடி இப்படித்தானாம், குடும்பமே சுத்தி உக்காந்து, அவங்கவங்க பக்கத்துல இருந்து ஸ்பூனால எடுத்து, காப்பியில முக்கிச் சாப்புடறது. நானும் முக்கினேன். உப்புக் கெழங்கு, நெய், பால் காப்பி. எழுதினா நல்லா இல்ல, ஆனா சாப்புடும்போது நல்லா இருந்துச்சு. இது மொதல்ல காலைச் சாப்பாடுதான். அதுக்கு முன்னாடி இந்த ஊருக் குடியானவங்க காலைல குடிச்சது கூழு, ஓட்ஸ் கூழு. 1770, 71ல மழையில வெள்ளாமை போய் பெரிய பஞ்சம் வந்திருக்கு, அதுக்கப்புறம்தான் மண்ணுக்குள்ள வெளையற கெழங்கை இவங்க நம்பிச் சாப்புட ஆரம்பிச்சாங்க. கூழு இருந்த எடத்துல ரோஷ்டி வந்து உக்காந்துக்கிச்சு. பஞ்சத்துல பொறந்த பண்டம், இன்னிக்கு 26 ஃபிராங்க்.

மத்தியானம் பெர்ன் திரும்பினேன். ஞாயித்துக்கிழமை, கடை எல்லாம் சாத்தியிருக்கு, ஸ்டேஷன் கடைங்க மட்டும்தான் தெறந்திருக்கு. நடந்தேன், தூங்கினேன்.

அஞ்சாம் நாள், திங்கள், ஃப்ரிபோர்

அங்க எதுக்குப் போறேன்னு தங்கியிருக்கற எடத்துக்காரர் கேட்டாரு. ரோஷ்டி கிராபென் பாக்கன்னேன். சிரிச்சாரு, "அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே"ன்னாரு.

கிராபென்னா பள்ளம், அகழி. சுவிஸ்ல ஜெர்மன் பேசற பக்கத்துக்கும் ஃபிரெஞ்சு பேசற பக்கத்துக்கும் நடுவுல இருக்கற கோட்டுக்கு இவங்க வெச்ச பேரு ரோஷ்டிப் பள்ளம். மொத உலகப் போர்ல ஜெர்மன்காரங்க பக்கம் மனசு இந்தப் பக்கத்துக்கு, ஃபிரான்ஸ் பக்கம் மனசு அந்தப் பக்கத்துக்குன்னு நாடே ரெண்டா பொளக்கற மாதிரி இருந்திருக்கு, அப்பவே பள்ளம்னு பேச்சு வந்துருச்சு, ரோஷ்டி அதுல ஒட்டிக்கிட்டது ரொம்பப் பின்னாடி, 1970கள் வாக்குல. ஃபிரெஞ்சு பேசறவங்க ரோஷ்டித் தடுப்பு, ரோஷ்டித் திரைன்னு சொல்றாங்க. ஓட்டுப் போடற நாள்ல இது நல்லாத் தெரியுமாம். 1992 டிசம்பர் 6ல ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துல சேரலாமான்னு நாடு முழுக்க ஓட்டு. ஃபிரெஞ்சுப் பக்கம் சேரலாம், ஜெர்மன் பக்கம் பாசலை விட்டா மத்ததெல்லாம் வேண்டாம். 50.3 சதவீதம் வேண்டாம்னு முடிஞ்சுது. மயிரிழைங்க. அந்த வருத்தம் இன்னும் போகலன்னு சொல்றவங்க உண்டு.

பெர்ன்ல இருந்து ரயில்ல இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. நான் ஜன்னல்ல மூஞ்சியை ஒட்டிக்கிட்டு பள்ளம் பள்ளம்னு பாத்துக்கிட்டே வந்தேன். மாடு, புல்லு, சோளக் கட்டை, மாடு. ரயில் அறிவிப்புல ஃபிரெஞ்சு வந்து சேந்துக்குச்சு, அதான் பள்ளம். ஸ்டேஷன் போர்டுலயே ஃப்ரிபோர், ஃப்ரைபுர்க்னு ரெண்டு பேரு.

ஊரு அருமை. மேல ஒரு ஊரு, கீழ ஆத்தங்கரையில பழைய ஊரு. நடுவுல ஒரு குட்டி இழுவை ரயில், 1899ல போட்டது, கரெண்டு கெடையாது, டீசல் கெடையாது, மேல் ஊரு சாக்கடைத் தண்ணியை வண்டித் தொட்டியில ரொப்பினா அந்தக் கனத்துல அது கீழ எறங்கும், எறங்கும்போது கீழ இருக்கற வண்டியை மேல இழுத்துடும். நான் ஏறினப்ப கப்புனு ஒரு வாசம். நொய்யல் கரையில வளந்தவனுக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல.

கீழ போனா சரீன் ஆறு. ஜெர்மன்ல சானெ. இதைத்தான் பள்ளம்னு சொல்றது, ஃபிரெஞ்சுப் பேப்பர்ல ஜெர்மன் பக்கத்து ஆளுங்களைப் பத்தி எழுதும்போது "சரீனுக்கு அக்கரை"ன்னே எழுதுவாங்களாம். ஓட்டுக் கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒண்ணு இருக்கு, பேரு பெர்ன் பாலம். அதுல இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் நடந்தேன், திரும்ப நடந்தேன். ரெண்டு பக்கமும் அதே வீடு, அதே ஜன்னல் பூ. ஊரைச் சுத்திப் பாத்தா ரெண்டு மொழிக்காரங்களும் கலந்துதான் இருக்காங்க, இந்தக் கீழ் ஊருலயே ரெண்டையும் போட்டுப் பெசஞ்சு "போல்ட்ஸ்"னு ஒரு பேச்சு இருந்திருக்கு. கோடு மேப்புல இருக்கற மாதிரி தரையில இல்ல.

சாப்பாட்டுக் கடையில மெனுவைப் பாத்தா ரோஷ்டி! ஓ-வையும் ஈ-யையும் ஒட்டி வெச்சு ஃபிரெஞ்சு மாதிரி எழுதியிருக்காங்க. பரிமாறின பொண்ணுகிட்ட கேட்டேன், உங்க பக்கம் இதைச் சாப்புட மாட்டாங்கன்னுதானே பள்ளத்துக்கு இந்தப் பேருன்னு. அந்தப் பொண்ணு தோளைக் குலுக்கிட்டு, எங்க பாட்டி வாரம் ஒரு தடவை பண்ணுவாங்கன்னுச்சு. சரிதான். ஓனெ ஷ்பெக்னேன், ஃபிரெஞ்சுல என்ன சொல்லணும்னு தெரியல, புரிஞ்சுக்கிச்சு.

காப்பி குடிக்கும்போதுதான் மண்டையில பட்டுச்சு. ஃபிரெஞ்சுல உருளைக்கெழங்குக்குப் பேரு பொம் த தேர். மண் ஆப்பிள். அந்தப் பக்கம் ஹேர்டப்ஃபெல், அதுவும் மண் ஆப்பிள். நாட்டை ரெண்டாப் பிரிக்கறதுக்கு ஒரு சாமான் தேடி, ரெண்டு பேரும் ஒரே பேரு வெச்ச சாமானாப் பாத்து எடுத்திருக்காங்க. இதை எதிர் சீட்டுப் பெரியவர்கிட்ட திரும்பும்போது ரயில்ல சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் யோசிச்சு, இத்தாலி மொழி பேசற பக்கத்துக்குப் பொலென்டாப் பள்ளம்னு ஒண்ணு இருக்கு, அது மக்காச்சோளம்னு மட்டும் சொல்லிட்டு பேப்பர் படிக்கப் போயிட்டாரு.

சாயங்காலம் பெர்ன் சூப்பர்மார்க்கெட்ல கெழங்கு வாங்கினேன். வேகவெச்சா உடையாத ரகம் தனி, மாவு ரகம் தனின்னு பையிலயே எழுதி விக்கறாங்க. ஷார்லோட்னு உடையாத ரகம் ஒரு கிலோ. பக்கத்து ரேக்குல ரெடிமேட் ரோஷ்டி, பாக்கெட்ல, வெட்டி சட்டியில கொட்டினா முடிஞ்சுது. தொட்டுப் பாத்துட்டு வெச்சுட்டேன். வழியில பாத்திரக் கடையில ஒரு துருவலும் வாங்கியாச்சு. ராத்திரி ஆறு கெழங்கு அவிச்சு, தோலோட ஃப்ரிட்ஜ்ல.

ஆறாம் நாள், செவ்வாய், பெர்ன்

நாளைக்கு ஃப்ளைட். இன்னிக்குப் பார்லிமென்ட் வாசல்ல சந்தை, செவ்வாயும் சனியும் நடக்குமாம். போய் சின்ன வெங்காயம் மாதிரி ஏதாச்சும் கெடைக்குமான்னு பாத்தேன். நவம்பர் நாலாவது திங்கள் இங்க வெங்காயத்துக்குன்னே ஒரு திருவிழாவாம், ஒரு மாசம் முந்தி வந்துட்டேன்.

பதினொரு மணிக்கு அடுப்பைப் பத்த வெச்சேன், சரி, அமுக்கினேன், மின் அடுப்பு. யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு வீடியோ கால் போட்டு போனை சர்க்கரை டப்பாவுல சாய்ச்சு நிறுத்தினேன். கெழங்கு உரிக்கும்போதே "கட்டியா இருக்கா? சரி"ன்னாரு. துருவினேன், அழுத்தாம, ஒரே திசையில. நாலாவது கெழங்குல பழகிருச்சு, அஞ்சாவதுல விரல் நுனி போச்சு, கொஞ்சம் தோலு, ரத்தம் இல்ல. நெய் ஊத்தினேன், கெழங்கு போட்டேன், உப்பு, பிரட்டல், வட்டம், ரெண்டு ஸ்பூன் பால். மூடி.

ஏழாவது நிமிஷத்துல கை பரபரன்னுது. "பொறுங்கோ." எட்டாவது நிமிஷம் கரண்டியை எடுத்தேன். "தம்பி, பொறுங்கோ எண்டல்லோ சொன்னனான். போனைக் கிட்டக் கொண்டு வாங்கோ." சட்டிக்குப் பக்கத்துல போனைப் புடிச்சேன். அவர் அங்க கண்ணை மூடிக்கிட்டு சத்தம் கேக்கறாரு. "இன்னும் தண்ணி சத்தம்தான் கேக்குது." அந்தம்மாவும் இப்படித்தான் இருந்திருக்கும், மாட்டுக் கொட்டாய்ல நின்னுக்கிட்டு.

பன்னெண்டாவது நிமிஷம் "இப்ப"ன்னாரு. சட்டியை ஆட்டினேன், முக்கால்வாசி வழுக்குச்சு, ஒரு ஓரம் புடிச்சிருந்துச்சு. நான் அதைச் சொல்லல, தட்டைக் கவுத்துத் திருப்பிட்டேன். மூணு துண்டா விழுந்துச்சு. ஒரு துண்டு அடுப்பு மேல.

போன்ல சத்தமே இல்ல. அப்புறம் "கலர் என்ன?"ன்னாரு. காட்டினேன். நல்ல பொன் நெறம், ஓரத்துல ஒரு எடம் மட்டும் கறுப்பு. "உடைஞ்சதைச் சட்டிக்குள்ள திரும்பப் போட்டு ஒட்ட வச்சு அமத்துங்கோ, ஆருக்கும் தெரியாது. நான் எத்தினை தரம் செய்தனான்." முதல் நாளே ஒண்டும் உடையேல்லன்னு கோயில்ல சொன்ன ஆளு! நான் அதைக் கேக்கல, பெரியவங்க.

ஒட்ட வெச்சு, மறுபக்கம் வேகவெச்சு, முட்டை ஒண்ணு ஊத்தி, ஊறுகாய் பாட்டில் ஊருல இருந்து கொண்டு வந்தது இருந்துச்சு, எலுமிச்சை ஊறுகாய் ரெண்டு துண்டு ஓரத்துல வெச்சு சாப்புட்டேன். எம்மென்டால் அம்மா பாத்தா மூக்கைச் சுருக்குவாங்க. சுருக்கட்டும்.

பெட்டி கட்டும்போது வீட்டம்மா கூப்புட்டா. சாம்பிள் காலியான எடத்துல சாக்லேட், சீஸ் ஒரு கட்டி, துருவல். துருவலைக் கேமரால காட்டினேன்.

"ஏனுங்க, இதுக்கு எவ்வளவு?"

சொல்லல.

"அதுல தேங்கா துருவலாமா?"

ஓட்டை பெருசு அம்மணி, தேங்கா பல்லுப் பல்லா வரும்னேன். பொரியலுக்கு ஆகும், கொண்டாங்கன்னுட்டா.